இந்த ஆங்கில வாக்கியம் சரியா? பிழைதிருத்தி மென்பொருளுக்காகத் தீர்ப்புச் சொல்லும் வேலை

‘ஹி டோன்ட் லைக் காஃபி.’ இது சரியான ஆங்கிலமா?

பள்ளியில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் தவறு என்றுதான் சொல்வார்கள். ‘டோன்ட்’ வரக்கூடாது, ‘டஸன்ட்’ வர வேண்டும். கணினியில் தட்டினால் அதுவும் அடியில் கோடு போட்டுக் காட்டும். ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஏராளமானோர், அமெரிக்காவின் தென்பகுதியிலும் இங்கிலாந்தின் பல ஊர்களிலும், வீட்டில் இப்படித்தான் பேசுகிறார்கள். அவர்கள் வாய் தவறிச் சொல்வதில்லை. அவர்களுடைய வட்டார வழக்கில் அதுதான் விதி. அப்படியிருக்க, மென்பொருள் எந்த உரிமையில் கோடு போடுகிறது?

யாரோ சிலர் முன்கூட்டியே உட்கார்ந்து ‘இந்த மாதிரி வாக்கியம் தவறு’ என்று குறித்து வைத்திருக்கிறார்கள். மென்பொருள் அதைத்தான் திருப்பிச் சொல்கிறது. பிழைதிருத்திகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கணினியின் சாமர்த்தியத்தைத்தான் பேசுகிறோம். அதற்கு முன்னால் மனிதர்கள் செய்து வைக்கும் இந்தத் தீர்ப்பு வேலையைப் பற்றிப் பேசுவது குறைவு. பார்க்கச் சுலபமான வேலை; உட்கார்ந்தால்தான் தெரியும் எத்தனை இடத்தில் கால் இடறும் என்று.

முதலில் விதிகள்

1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரியும் அவருடன் இருந்தவர்களும் யூனிக்ஸ் கணினிகளுக்காக ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற மென்பொருள் தொகுப்பைச் செய்தார்கள். அது இலக்கணத்துக்குள் ஆழமாகப் போகவில்லை. வாக்கியங்கள் எவ்வளவு நீளம், செயப்பாட்டு வினை எத்தனை, சுற்றிவளைத்த சொற்றொடர் எங்கே என்று எண்ணிச் சொன்னது. 1981-இல் தனிநபர் கணினிகளுக்கு வந்த ‘கிராமாட்டிக்’கும் பெரும்பாலும் சொல்வரிசைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததுதான். வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரித்துப் புரிந்துகொள்ளும் முயற்சியை ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹைடார்ன், காரென் ஜென்சன் போன்றோர் நடத்தினார்கள். அவர்கள் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார்கள். வேர்ட் 97-இல் தட்டத் தட்டப் பச்சை நெளிகோடு விழ ஆரம்பித்தது அந்த உழைப்பின் தொடர்ச்சி.

விதி வைத்துப் பிழை பிடிப்பது எப்படி என்று புரிய ஓர் எளிய விதியை நாமே எழுதிப் பார்க்கலாம். ‘ஹி’ என்ற சொல்லை அடுத்து ‘டோன்ட்’ வந்தால் தவறு. அவ்வளவுதான். மேலே பார்த்த காஃபி வாக்கியம் உடனே மாட்டிக்கொள்ளும். இப்போது இதைப் பாருங்கள்: ‘மை பிரதர் அண்ட் ஹி டோன்ட் டாக்.’ என் அண்ணனும் அவனும் பேசிக்கொள்வதில்லை. இங்கே எழுவாய் இரண்டு பேர், ஆகவே பன்மை, ஆகவே ‘டோன்ட்’தான் சரி. நம் விதி இந்த நல்ல வாக்கியத்தின் கழுத்தையும் பிடிக்கும்.

சரி, ‘அண்ட்’ முன்னால் வந்தால் விட்டுவிடு என்று ஒரு விதிவிலக்கு சேர்க்கலாம். அப்புறம் ‘ஐ ட்ரைட் அண்ட் ஹி டோன்ட் கேர்’ என்று ஒருவர் எழுதுவார். இதிலும் முன்னால் ‘அண்ட்’ இருக்கிறது, ஆனால் இது தவறு. விலக்குக்கு ஒரு விலக்கு. இப்படியே போனால் விதிப்பட்டியல் அனுமார் வாலாக நீளும். விதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜெர்மனியின் டேனியல் நாபர் 2003-இல் பல்கலைக்கழக ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய ‘லாங்குவேஜ்டூல்’ இன்றும் ஆயிரக்கணக்கான விதிகளோடு ஓடுகிறது. திறந்த மூல மென்பொருள் என்பதால் அந்த விதிகளை யாரும் திறந்து படிக்கலாம், புதிதாக எழுதிச் சேர்க்கலாம். தமிழுக்கும் அதில் இடம் உண்டு. ஏன் கோடு விழுந்தது என்று காரணம் சொல்லக்கூடிய மென்பொருள் எனக்குப் பிடிக்கும்; விதிக்கு அந்த நேர்மை இருக்கிறது.

ஒன்று அல்லது பூஜ்யம்

விதிகளை எழுதி முடிக்க முடியாது என்று தெரிந்ததும் இன்னொரு வழி வந்தது. வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று மனிதர்களை விட்டுக் குறிக்கச் செய்வது. கணினி அவற்றைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்.

மொழியியல் நூல்களில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. இலக்கணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள்; சந்தேகமானால் கேள்விக்குறி. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் வார்ஸ்டாட், அமன்பிரீத் சிங், சாமுவேல் போமன் மூவரும் 23 மொழியியல் வெளியீடுகளிலிருந்து அப்படிப்பட்ட 10,657 வாக்கியங்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அதன் பெயர் ‘கோலா’. ஒரு மொழி மாதிரிக்கு (நிறைய எழுத்தைப் படித்து, எந்தச் சொல் எங்கே வரும் என்று கணிக்கப் பழகிய நிரலுக்கு) ஆங்கில இலக்கண உணர்வு இருக்கிறதா என்று சோதிக்க நெடுங்காலம் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்தத் தொகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. சுமார் 70 சதவீத வாக்கியங்கள் சரியானவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்லும் ஒரு மக்கு நிரல்கூட நூற்றுக்கு எழுபது வாங்கிவிடும். அதனால்தான் வெறும் சதவீதத்தை விட்டுவிட்டு ‘மாத்யூஸ் தொடர்புக் கெழு’ என்ற அளவை எடுத்துக்கொண்டார்கள். அதில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னால் மதிப்பெண் பூஜ்யம்தான்.

2020-இல் வெளிவந்த ‘பிளிம்ப்’ வேறு மாதிரி போனது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வாக்கியங்களை ஜோடியாக வைத்தார்கள்: ஒன்று சரி, ஒன்று தவறு. இப்படி 67 வகைகளில் வகைக்கு 1,000 ஜோடிகள். மாதிரியிடம் ‘சரியா தவறா’ என்று கேட்பதில்லை. இரண்டில் எதற்கு அதிக நிகழ்தகவு கொடுக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். மனிதர்களுக்கும் இது வசதி. ஒரு வாக்கியத்தைத் தனியாகக் காட்டினால் தடுமாறுகிறவர்கள், இரண்டைப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று கை காட்டுவார்கள்.

பொருள் வேறு, இலக்கணம் வேறு

தீர்ப்புச் சொல்ல உட்காரும் புதியவர் முதலில் இடறுவது இங்கேதான். ‘தி சன் ரைசஸ் இன் தி வெஸ்ட்’ என்று ஒரு வாக்கியம் வரும். சூரியன் மேற்கில் உதிக்காது, எனவே 0 என்று போட்டுவிடுவார். இல்லை, இதற்கு 1. செய்தி பொய், இலக்கணம் ஒழுங்கு.

இதன் உச்சத்தை நோம் சாம்ஸ்கி 1957-இல் காட்டினார். ‘கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃப்யூரியஸ்லி’ என்று ஒரு வாக்கியம். நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாக உறங்குகின்றனவாம். அர்த்தமே இல்லை. ஆனாலும் ஆங்கிலம் தெரிந்த யாரும் அதை இயல்பான தொனியில் வாசித்துவிடுவார்கள். அதே சொற்களைத் தலைகீழாக அடுக்கி ‘ஃப்யூரியஸ்லி ஸ்லீப் ஐடியாஸ் கிரீன் கலர்லெஸ்’ என்று கொடுத்தால் வாய் திக்கும். இரண்டுக்கும் அர்த்தம் இல்லை. ஒன்றுக்கு மட்டும் இலக்கணம் இருக்கிறது.

இந்த எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ‘ஹி ஸ்லெப்ட் தி பேபி’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூங்க வைத்தான் என்று சொல்ல நினைத்து எழுதியது. என்ன சொல்ல வருகிறார் என்று நமக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் ‘ஸ்லீப்’ என்ற வினை இந்த இடத்தில் செயப்படுபொருளை ஏற்காது. ஆகவே 0. புரிந்தால் சரி, புரியாவிட்டால் தவறு என்ற அளவுகோலை முதல் நாளே தூக்கி எறிந்துவிட வேண்டும்.

காது ஏமாற்றும் இடங்கள்

‘வாசித்துப் பார், காதுக்கே தெரியும்’ என்பது பள்ளிக்கூட அறிவுரை. பாதி நேரம் உதவும். மீதி நேரம் காலை வாரும்.

‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.’ உளவியலாளர் தாமஸ் பெவர் 1970-இல் எடுத்துக்காட்டிய வாக்கியம் இது. கடைசிச் சொல் வரும் வரை ‘குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது’ என்றே நம் மனம் வாசித்துக்கொண்டு போகும். கடைசியில் ‘ஃபெல்’ வந்ததும் எல்லாம் சரிந்துவிடும். பெரும்பாலோர் தவறு என்றே சொல்வார்கள். உண்மையில் இது சரி. ‘களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது’ என்பது பொருள். ‘ரேஸ்ட்’ இங்கே வினைமுற்று இல்லை, குதிரைக்கு அடை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ‘தி கீ டு தி கேபினெட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்.’ காதுக்கு உறுத்தவில்லை, இல்லையா? அலமாரிகளின் சாவி மேசை மேல் இருக்கிறது. சாவி ஒன்றுதான், எனவே ‘இஸ்’ வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் ‘கேபினெட்ஸ்’ என்ற பன்மை நம்மை இழுத்துவிடுகிறது. தாய்மொழிக்காரர்களே இப்படித் தவறுகிறார்கள் என்பதை கேத்ரின் பாக், கரோல் மில்லர் இருவரும் 1991-இல் சோதனை நடத்திக் காட்டினார்கள். இந்த மாதிரி இடங்களில் நடுவில் இருக்கும் அடைகளைக் கழற்றிவிட்டு எழுவாயையும் வினையையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பழைய, நம்பகமான முறை. ‘தி கீ ஆர்’ என்று மிஞ்சினால் குட்டு உடைந்துவிடும்.

இன்னும் விசித்திரம் ஒன்று: ‘மோர் பீப்பிள் ஹேவ் பீன் டு ரஷ்யா தேன் ஐ ஹேவ்.’ வேகமாக வாசித்தால் நல்ல வாக்கியம் போலவே இருக்கும். நிறுத்தி, எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று கேளுங்கள். ஆட்களின் எண்ணிக்கையை ‘நான் போனது’ என்பதோடு ஒப்பிட முடியாது. மொழியியலாளர்களே இதைப் பார்த்து வெகுநேரம் தலையைச் சொறிவார்கள்.

முன்வாக்கியம் தெரியாமல் சொல்ல முடியாதவை

‘ஐ பாட் புக்’ என்றால் தவறு, சந்தேகமில்லை. ‘ஐ பாட் எ புக்’ சரி. ‘ஐ பாட் தி புக்’ என்றால்? எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் சரி, இல்லாவிட்டால் உதைக்கும். தனி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. ‘எ’, ‘தி’ என்ற இந்த இரண்டு சின்னச் சொற்கள் தமிழ், ரஷ்யன், சீனம், ஜப்பான் மொழிக்காரர்களைப் பாடாய்ப் படுத்துகின்றன, அந்த மொழிகளில் இவற்றுக்கு நேரான சொல் கிடையாது என்பதால்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய சுமார் 1,400 கட்டுரைகளை ஆங்கில ஆசிரியர்களைக் கொண்டு திருத்தி ஒரு தொகுப்பு செய்தார்கள். பிழைகளை 28 வகையாகப் பிரித்திருந்தார்கள். அதை வைத்து 2013-இலும் 2014-இலும் உலக அளவில் பிழைதிருத்தும் மென்பொருள் போட்டி நடந்தது. முதல் ஆண்டு ஐந்து வகைப் பிழைகள் மட்டும்: ‘எ, தி’ போன்றவை, ‘இன்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொற்கள், ஒருமை பன்மை, வினை வடிவம், எழுவாய்–வினை இயைபு. மறு ஆண்டு 28 வகையும்.

பிறகு, அந்த 2014 போட்டியின் தேர்வுத் தாளையே பத்துப் பேரிடம் கொடுத்துத் தனித்தனியாகத் திருத்தச் செய்தார்கள். 2015-இல் கிறிஸ்டோபர் பிரையன்ட், வீ டோ இங் இருவரும் வெளியிட்ட முடிவு எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஒன்று. ஒரு மனிதர் செய்த திருத்தங்களை மற்ற ஒன்பது பேருடையவற்றோடு ஒப்பிட்டு மென்பொருளுக்குப் போடுவது போலவே மதிப்பெண் போட்டால், அவருக்கே நூற்றுக்கு 73-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. மனிதரே நூறு வாங்காத தேர்வு!

அதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் கிடையாது. ‘கேட்ஸ் லைக்ஸ் மில்க்’ என்ற மூன்று சொல் வாக்கியத்தைப் பாருங்கள். ‘கேட்ஸ் லைக் மில்க்’ என்று திருத்தலாம். ‘தி கேட் லைக்ஸ் மில்க்’ என்றும் திருத்தலாம். இரண்டும் சரி. எழுதியவர் மனதில் எத்தனை பூனை இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வாக்கியம் தவறு என்பதில் பத்துப் பேரும் ஒத்துப்போவார்கள். தவறு எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதில் பிரிந்துவிடுவார்கள்.

யாருடைய ஆங்கிலம்?

‘தி டீம் ஆர் பிளேயிங் வெல்’ என்று லண்டன் செய்தித்தாளில் வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நியூயார்க்கில் ‘இஸ்’ என்று திருத்திவிடுவார்கள். ஒருவரைக் குறிக்க ‘தே’ என்று சொல்வதை ஒரு காலத்தில் ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழித்தார்கள். 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. பத்தாண்டுக்கு முன் 0 வாங்கிய வாக்கியம் இன்று 1 வாங்கலாம்.

முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற விதி இன்னொரு வேடிக்கை. 1672-இல் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சொன்னார். அன்றிலிருந்து பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேயர்களோ அன்றும் இன்றும் ‘ஹூ டிட் யூ ஸ்பீக் டு?’ என்றுதான் கேட்கிறார்கள். இதை நடைக் குறிப்பாக வேண்டுமானால் காட்டலாம். பிழை என்று குறித்தால் பயிற்சித் தரவு கெட்டுப்போகும் என்பது என் கட்சி.

நம்மவர் ஆங்கிலத்துக்கு வருவோம். ‘வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி பிராப்ளம்.’ பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் யோசித்ததால் அந்த ‘அபவுட்’ வந்து ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் படித்தவர்களே பரவலாக இப்படி எழுதுகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்திலும் இது உண்டு. இவ்வளவு பேர் எழுதினால் அது ஒரு வழக்கு என்று ஏற்றுக்கொள்ளலாமா? மொழியியலாளர் ஏற்றுக்கொள்வார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர், மென்பொருள் அதைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். எனக்கு மாணவர் பக்கம்தான் நியாயம் படுகிறது. அவர் கேட்டது வழக்குகளின் சமத்துவம் பற்றிய விளக்கத்தை இல்லை. தேர்வாளர் எதில் குறை காண்பார் என்பதை. அதே சமயம் வீட்டு வழக்கில் ஒரு பாடலோ கதை உரையாடலோ எழுதுகிறவருக்கு அந்தக் கோடு வெறும் தொல்லை.

பொய் எச்சரிக்கையின் விலை

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூறு வாக்கியம் எழுதுகிறீர்கள், அதில் பத்து தவறு என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் எதைப் பார்த்தாலும் 90 சதவீதம் சரியாகத் தீர்ப்புச் சொல்லும். நல்ல எண் போலத் தெரிகிறது. தவறான பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும். சரியான தொண்ணூறில் ஒன்பதைத் தவறு என்று சொல்லிவிடும். உங்கள் திரையில் விழும் கோடுகள் மொத்தம் பதினெட்டு. அதில் பாதி பொய். புலி வருது, புலி வருது என்று இத்தனை தடவை கத்தினால், நிஜமாகவே புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதனால்தான் 2014 போட்டியில் மதிப்பிடும் முறையை மாற்றினார்கள். முந்தைய ஆண்டு, பிடித்தவற்றில் எத்தனை உண்மைப் பிழை என்பதற்கும், இருக்கும் பிழைகளில் எத்தனையைப் பிடித்தது என்பதற்கும் சம எடை. 2014-இல் முதலாவதற்கு இரட்டிப்பு எடை கொடுத்தார்கள். ஒரு பிழையைத் தவற விடுவதைவிட, நல்ல வாக்கியத்தைக் குற்றம் சொல்வது மோசம் என்பதை எண்ணாக எழுதி வைத்தது போல.

இன்றைய பெரிய மொழி மாதிரிகளிடம் இந்தப் பிரச்சினை வேறு உருவில் இருக்கிறது. பிழையைத் திருத்து என்றால் மொத்த வாக்கியத்தையும் இழைத்து மெருகேற்றித் தந்துவிடும். வாக்கியம் அழகாக இருக்கும். ஆனால் எது பிழை, எது வெறும் ருசி மாற்றம் என்று கற்றுக்கொள்பவருக்குத் தெரியாது. ஆகவே குறிப்பவர்களுக்குத் தரும் வழிகாட்டியில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: இலக்கணம் நேராவதற்குத் தேவையான மிகக் குறைந்த மாற்றம் மட்டுமா, அல்லது தாய்மொழிக்காரர் எழுதியது போல ஓட்டமாகவும் ஆக வேண்டுமா? இரண்டு கேள்விக்கும் விடைத்தாள் வேறு வேறு.

கொஞ்சம் நீங்களே குறித்துப் பாருங்கள்

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் லிவ்ஸ் இன் லண்டன்.’ 0. பலரில் ஒருவர் என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ வர வேண்டும். ‘லிவ்ஸ்’ சரியாகத்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

‘லண்டன் இஸ் தி கேபிட்டல் ஆஃப் பிரான்ஸ்.’ 1. புவியியல் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.

‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் 2015.’ 0. தமிழில் ‘2015 முதல் இங்கே வசிக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதை அப்படியே கொண்டுபோனது. ஆங்கிலம் ‘ஹேவ் லிவ்ட்’ கேட்கும்.

‘டைம் ஃப்ளைஸ் லைக் ஆன் ஆரோ.’ 1. இதை எத்தனை விதமாகப் பிரித்துப் பொருள் கொள்ளலாம் என்று கணினிக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள்; ஒன்று பொருந்தினாலே போதும்.

‘ஷி வென்ட் டு ஹாஸ்பிட்டல்.’ இதற்கு உடனே எண் போடாதீர்கள். இங்கிலாந்தில் இது சரி, சிகிச்சைக்குப் போனாள் என்று அர்த்தம். அங்கேயே ‘தி ஹாஸ்பிட்டல்’ என்றால் யாரையோ பார்க்கவோ வேறு வேலையாகவோ அந்தக் கட்டடத்துக்குப் போனாள் என்று ஆகலாம். அமெரிக்காவில் நோயாளியாகப் போனாலும் ‘தி’ இல்லாமல் எழுத மாட்டார்கள். மென்பொருளின் மொழி அமைப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றிருந்தால் 1, அமெரிக்க ஆங்கிலம் என்றிருந்தால் 0.